ஒரு பழைய டிரான்ஸ்பார்மரின் வரலாறு

செம்பரம்பாக்கம் ஏரியின் கரைமீது ஒருமுறையேனும் நின்று பார்த்தவர்கள் அதன் மதகுகளைக் கவனித்திருப்பார்கள். நிரம்பினால் 24 அடி நீர் நிற்கும் ஏரி அது. அவ்வளவு நீரின் பாரத்தையும் மதகின் திருகைத் திருப்பும் ஒரு மனிதன் அடக்கி ஆளுகிறான். அவனுடைய கைவலிமை சிறிது. அந்தக் கையசைவுக்கு இணங்கி ஓடும் நீரின் வலிமையோ பெரிது. சிறிய அசைவைக் கொண்டு பெரிய ஓட்டத்தை ஆளும் இந்த உபாயமே ஒலியைப் பெருக்கும் கருவிகளுக்கும் அடிப்படையாகும். நீரையும் காற்றையும் அடக்கித் திறக்கும் கதவுக்கு வழங்கிய 'வால்வு' என்னும் பெயரையே மின்னோட்டத்தை ஆளும் கண்ணாடிக் குழலுக்கும் அறிஞர்கள் இட்டனர். பொருத்தமான பெயர்தான்.

இந்தச் செய்தியைப் பற்றி நான் மறுபடியும் சிந்திக்க நேர்ந்ததற்கு என் பழைய மாணவர் ஒருவர் காரணம். அவர் இப்பொழுது ஒரகடத்திலே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஓய்வு நேரத்தில் கிட்டார் வாசிக்கிறார். ஒரு நாள் துருப்பிடித்த இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் 'மைக் செட்' வாடகைக்கு விட்டுவந்த அவருடைய உறவினர் ஒருவரின் ஆம்ப்ளிபயர் அது. வால்வுகள் இல்லை, கம்பிகளை எலி தின்றிருந்தது, 2015ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருமழையில் கூரை ஒழுகி நனைந்த அடையாளமும் இருந்தது. உள்ளே உருப்படியாக இருந்தது ஒன்றே: ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு டிரான்ஸ்பார்மர்.

"ஐயா, காயலான் கடையில் போட்டால் செம்புக்கு ஏதோ விலை கொடுப்பார்கள். ஆனால், இதை வைத்தே கிட்டாருக்கு ஒரு ஆம்ப்ளிபயர் கட்டலாம் என்கிறார்கள். எதைக் கட்டுவது?" என்று கேட்டார்.

எளிய கேள்வி போலத் தோன்றும். ஆயினும் இதற்கு விடை கூற வேண்டுமானால் நூறாண்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

1904ஆம் ஆண்டில் லண்டனில் பிளெமிங் என்பவர் இரு முனைகளுள்ள வெற்றிடக் குழலை அமைத்தார். மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் கதவு அது. இரண்டாண்டுகளுக்குப் பின் அமெரிக்கராகிய லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். மதகின் திருகு அந்த வலைதான். வலைக்குக் கொடுக்கும் சிறு மின்னழுத்தத்திற்கு ஏற்பத் தகட்டை நோக்கிச் செல்லும் மின்னோட்டம் கூடியும் குறைந்தும் ஓடும். வானொலி, தொலைதூரத் தொலைபேசி, பேசும் படம் ஆகிய யாவும் இந்த ஒரு வலையிலிருந்து பிறந்தவை எனலாம்.

தமிழ்நாட்டிற்கு இக்கலை வந்து சேர நெடுங்காலம் ஆகவில்லை. 1924ஆம் ஆண்டிலேயே சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றது. சங்கத்தின் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை நகராண்மைக் கழகம் 1930 ஏப்ரல் முதல் நாளன்று தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் மிகச் சிலரே. ஆகையால் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவி மக்களைக் கேட்கச் செய்தனர். 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியபொழுது அப்பணி அதன் கைக்கு வந்தது. நம் நாட்டில் ஒலிபெருக்கி வீட்டுப் பொருளாக வரவில்லை. ஊர்ப் பொதுப் பொருளாகவே வந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பின்னர் வந்த பஞ்சாயத்து ரேடியோவும், திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கியும், அரசியல் மேடையின் மைக்கும் அந்தக் கடற்கரை ஒலிபெருக்கியின் வழித்தோன்றல்களே.

இனி நம் டிரான்ஸ்பார்மருக்கு வருவோம். தொடக்க காலத்தில் காதில் மாட்டும் கேள்குழலைக் கொண்டே வானொலியைக் கேட்டனர். அதன் சுருள் ஆயிரக்கணக்கான ஓம் தடை உடையது. வால்வின் தகட்டோடு நேராகவே இணைக்கலாம். 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் இன்று நாம் காணும் அசையும் சுருள் ஒலிபெருக்கியைச் செவ்வையான வடிவில் அமைத்துக் காட்டினர். அதன் சுருள் மெல்லிய காகிதக் கூம்போடு சேர்ந்து அசைய வேண்டுவது. ஆகவே சில சுற்றுகளே உடையது. அதன் தடை 4, 8, 16 ஓம் என்னும் அளவில் நிற்பது. வால்வோ பல நூறு வோல்ட் அழுத்தத்தில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தருவது. ஒலிபெருக்கி கேட்பது குறைந்த அழுத்தமும் மிகுந்த ஓட்டமும். இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது?

நெம்புகோலை எண்ணிப் பாருங்கள். நீண்ட கையைச் சிறு விசையோடு நெடுந்தூரம் அழுத்தினால், குறுகிய கை பெரும்பாறையைச் சிறிதளவு தூக்குகிறது. டிரான்ஸ்பார்மர் மின்சாரத்தின் நெம்புகோல். பாரடே 1831இல் கண்ட மின்தூண்டல் விதிப்படி, பல சுற்றுகளுள்ள முதற்சுருள் வால்வின் பக்கமும், சில சுற்றுகளுள்ள இரண்டாஞ்சுருள் ஒலிபெருக்கியின் பக்கமும் நிற்கின்றன. ஒலிபெருக்கிக்கு முன்னே நிற்பதால் இதை அவுட்புட் டிரான்ஸ்பார்மர் என்பர். வால்வு ஆம்ப்ளிபயரில் மிகக் கனமானவற்றுள் ஒன்றும், கையால் செய்தற்கு மிக அரியதும் இதுவே. வால்வு பழுதானால் வேறு வாங்கலாம். மின்தடையோ சில காசு. டிரான்ஸ்பார்மர் மட்டும் ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான்.

இதனை நான் துன்பப்பட்டே கற்றேன். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த புதிதில், 1980களில், பள்ளி விழாவுக்கென்று ஒரு நல்ல ஆம்ப்ளிபயர் கட்ட ஆசைப்பட்டேன். 'வயர்லஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கில இதழில் 1947ஆம் ஆண்டு டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட ஆம்ப்ளிபயரே அந்நாளில் புகழ்பெற்றது. இரண்டு கேடி66 வால்வுகள், 15 வாட் ஒலி, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த ஒலிக்கேடு! புகழில் மயங்கினேன். மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஏதோ ஒரு பழைய டிரான்ஸ்பார்மரை அந்த அமைப்போடு இணைத்தேன். விசையைப் போட்டதும் பேரோசை ஒன்றும் எழவில்லை. எல்லாம் சரியென்றே எண்ணினேன். கால் நாழிகையில் வால்வின் தகடு செந்நிறமாகிப் புகை எழுந்தது. டிரான்ஸ்பார்மர் கருகிற்று.

குற்றம் வில்லியம்சனுடையதன்று, என்னுடையதே. அவருடைய அமைப்பின் உயிர்நிலை எதிர்ப்பின்னூட்டம் என்னும் உபாயம். வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியைத் திருப்பித் தொடக்கத்தில் எதிர்த்திசையில் கலந்தால், கருவி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். பெல் ஆராய்ச்சிக் கூடத்தின் ஹெரால்டு பிளாக் 1927இல் கண்டறிந்தது இது. ஆனால் டிரான்ஸ்பார்மரின் வழியே சென்று திரும்பும் செய்தி, மிக உயர்ந்த அதிர்வெண்களில் சற்றுத் தாமதித்தே வந்து சேர்கிறது. தாமதம் மிகுந்தால் எதிர்த்து வரவேண்டியது இசைந்து வந்துவிடும். திருத்த வேண்டியது தூண்டிவிடும். அப்பொழுது கருவி தானே அதிரத் தொடங்கும். காதுக்கு எட்டாத அதிர்வாகையால் மனிதன் அறியான். வால்வும் டிரான்ஸ்பார்மரும் அறியும். இதனாலேயே வில்லியம்சன் தம் டிரான்ஸ்பார்மரின் சுருள்களைப் பல பகுதிகளாகப் பிரித்துச் சுற்ற வேண்டும் என்று மிக நுணுக்கமாக விதித்திருந்தார். நானோ விதியை விட்டுப் படத்தை மட்டும் பின்பற்றினேன்.

ஆகவே, "எந்த ஆம்ப்ளிபயரைக் கட்டலாம்?" என்று கேட்ட மாணவரிடம், "முதலில் இந்த டிரான்ஸ்பார்மர் யார் என்று விசாரிப்போம், பிறகு அதற்கு இசைந்த ஆம்ப்ளிபயரைத் தேடுவோம்" என்றேன். கல்வெட்டைப் படிக்கும் ஆராய்ச்சியாளர் எழுத்தின் வடிவைக் கொண்டு காலத்தை அறிவது போல, பழைய கருவியின் வரலாற்றையும் அதன் உறுப்புகளைக் கொண்டே அறியலாம்.

மழையில் நனைந்த பொருளாகையால் முதலில் அதை உலர்த்தினோம். ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, 60 வாட் மின்விளக்கு ஒன்றை அருகில் எரியவிட்டு, ஒரு வாரம் மெல்லச் சூடேற்றினோம். பிறகு மின்பணியாளர் ஒருவரின் மெக்கர் கருவியால் சுருளுக்கும் இரும்புக்கும் இடையே கசிவு இல்லை என்று கண்டோம். முதற்சுருளில் மூன்று கம்பிகள் இருந்தன. நடுக்கம்பியிலிருந்து ஒரு பக்கம் 110 ஓம். மறுபக்கம் 124 ஓம். இந்த வேறுபாடு குறையன்று. வெளியே சுற்றப்பட்ட பாதிக்குக் கம்பி சற்று அதிகம் செல்லும். நடுக்கம்பி இருந்ததால், இரண்டு வால்வுகள் மாறி மாறி உழைக்கும் புஷ்-புல் முறைக்கென்று செய்யப்பட்டது இது என்று தெளிந்தோம். இரண்டு பக்கமும் செல்லும் நேர்மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் இரும்பில் காந்தம் தேங்காது. இத்தகைய டிரான்ஸ்பார்மரை ஒற்றை வால்வோடு இணைத்தால் இரும்பு காந்தத்தால் நிரம்பிக் கீழ்ச் சுரங்கள் மெலிந்துவிடும்.

அடுத்து, பள்ளிக்கூடச் சோதனை ஒன்று. முதற்சுருளின் குறுக்கே ஒரு சிறு நியான் விளக்கை இணைத்து, டார்ச் விளக்கின் ஒரு செல்லைத் தொட்டு எடுத்தோம். எடுத்த கணத்தில் நியான் பளிச்சென்று மின்னியது. சுருளில் இரண்டு சுற்றுகள் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த மின்னல் தோன்றாது. ஒன்றரை வோல்ட் செல்தானே என்று கம்பியை வெறுங்கையால் பிடிக்கலாகாது. நியானை எரிக்கும் அழுத்தம் கையையும் உதறச் செய்யும்.

இனிக் கணக்கு. முதற்சுருளின் இரு முனைகளுக்கும் 12 வோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்து, '8 ஓம்' என்று குறித்த முனைகளில் அளந்தோம். வந்தது 0.42 வோல்ட். வகுத்தால் சுற்றுகளின் விகிதம் ஏறத்தாழ இருபத்தெட்டரை. சுமையைக் கண்டறிய விகிதத்தின் வர்க்கத்தை எடுக்க வேண்டும்: எண்ணூற்றுச் சொச்சம். அதை எட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 6,500 ஓம். அதாவது, எட்டு ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் வால்வுகளின் கண்ணுக்கு அது 6,500 ஓம் சுமையாகத் தோன்றும். பழைய பெட்டியில் எட்டுக்கால் வால்வுகளுக்குரிய குழிகள் இருந்தன. 1936இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் வெளியிட்ட 6எல்6 வால்வின் குறிப்பேட்டைப் புரட்டினோம். இரண்டு வால்வுகள், 360 வோல்ட், 6,600 ஓம் சுமை, 26½ வாட் என்று அதில் கண்டிருந்தது. பெட்டியின் பூர்வீகம் பெரும்பாலும் விளங்கிவிட்டது.

மாணவரின் முகம் மலர்ந்தது. "ஐயா, மார்ஷல் ஆம்ப்ளிபயரைக் கட்டிவிடலாம்!" என்றார். அவருடைய ஆசை நியாயமானதே. லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் என்பவர், 1962இல், லியோ பெண்டரின் 'பேஸ்மன்' என்னும் அமெரிக்க ஆம்ப்ளிபயரைப் பின்பற்றித் தம் முதல் ஆம்ப்ளிபயரைச் செய்வித்தார். ஆனால் அமெரிக்க டிரான்ஸ்பார்மர் அவர்களுக்குக் கிட்டவில்லை. உதிரிப்பொருள் விற்கும் ரேடியோஸ்பேர்ஸ் நிறுவனத்திடம் கிடைத்த ஒன்றைப் பூட்டினர். படம் ஒன்றே, டிரான்ஸ்பார்மரும் வேறு சில உறுப்புகளும் மாறின, ஒலியும் மாறிற்று. அந்த மாறிய ஒலியே பின்னர் உலகப் புகழ் பெற்றது. கைக்குக் கிடைத்ததை ஏற்று அதற்கேற்ப அமைத்துக்கொண்டதன் பயன் அது.

ஆயினும் நான் இணங்கவில்லை. "அறுபதைத் தாண்டிய ஒருவரை மறுபடியும் மூட்டை தூக்கச் சொல்லலாமா?" என்றேன். மாணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். டிரான்ஸ்பார்மரையே சொன்னேன். அதன் காகிதக் காப்பு பழையது, ஒருமுறை நனைந்தது. முழு அழுத்தத்தில் முழு வாட்டையும் அதனிடம் கேட்பது தகாது. அவர் வாசிக்கப்போவது வீட்டுக் கூடத்தில், மைதானத்தில் அன்று.

நான் காட்டிய வழி வேறு. 6எல்6 வால்வுக்கு இளைய தம்பி போன்றது 6வி6. அதே எட்டுக்கால் குழியில் பொருந்தும். 285 வோல்ட்டில் இரண்டு வால்வுகள் 8,000 ஓம் சுமையுடன் 14 வாட் தரும் என்பது அதன் குறிப்பேடு. நம்முடைய 6,500 ஓமுக்கும் அந்த 8,000 ஓமுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வால்வுகள் பொறுக்கும். இத்தகைய இரண்டு வால்வுகளை வைத்துப் பெண்டர் 1950களின் நடுவில் 'டீலக்ஸ்' என்னும் சிறிய கிட்டார் ஆம்ப்ளிபயரைச் செய்தார். அதில் எதிர்ப்பின்னூட்டமே இல்லை! என் பழைய டிரான்ஸ்பார்மரை எரித்த பகைவன் இங்கே அடியோடு இல்லை. தவிர, வால்வுகள் தம் ஓட்டத்தைத் தாமே ஓரளவு நேர்செய்துகொள்ளும் எளிய அமைப்பு அது.

ஒலிக்கேட்டைக் குறைக்க அறிஞர்கள் அரும்பாடு பட்டிருக்க, அதைக் குறைக்காத கருவியை விரும்புவது ஏன் என்று நேயர்கள் வினவலாம். வில்லியம்சன் செய்தது பிறர் பாடிய பாட்டை மாறாமல் கேட்பதற்குரிய கருவி. கிட்டார் ஆம்ப்ளிபயரோ தானே இசைக்கருவியின் ஒரு பகுதி. வீணைக்குக் குடம் எப்படியோ, மின்கிட்டாருக்கு ஆம்ப்ளிபயர் அப்படி. வால்வு சற்றே திணறும்பொழுது எழும் கரகரப்பும் குழைவும் அதன் குரலாகிவிட்டன. மேலும், பேச்சுக்கென்று செய்த மைக் செட் டிரான்ஸ்பார்மர் மிகத் தாழ்ந்த சுரங்களை நன்றாகத் தராது என்பார்கள். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 82 அதிர்வுதான். அதற்கும் கீழே போக வேண்டிய தேவையே இல்லை. ஆகவே ஒரு பணிக்குக் குறையாகத் தோன்றுவது மற்றொரு பணிக்குக் குறையாகாது.

ரிச்சி தெருவில் சில பொருள்கள் கிடைத்தன. பெங்களூரில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒரு காலத்தில் நம் நாட்டுக்கு வேண்டிய வால்வுகளைச் செய்து தந்தது; அக்காலம் போய்விட்டது. ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வு செய்கிறார்கள். அங்கிருந்து வந்தவற்றை வாங்கினோம். இரண்டு விதிகளை மாணவரிடம் வற்புறுத்தினேன். ஒலிபெருக்கியை இணைக்காமல் விசையைப் போட்டு வாசிக்கலாகாது. சுமையற்ற டிரான்ஸ்பார்மரில் அழுத்தம் கட்டுக்கடங்காமல் எழுந்து காப்பைத் துளைத்துவிடும். விசையை அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் முந்நூறு வோல்ட் தங்கியிருக்கும். அதை ஒரு மின்தடை வழியே வடித்து, அளந்து பார்த்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். மதகை மூடினாலும் கால்வாயில் நீர் நிற்கும் அன்றோ?

நேயர்களே, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் இன்று மின்னணுக் கருவிகளுக்குப் பெயர்பெற்றது. 2006இல் அங்கே நோக்கியா தொழிற்சாலை தொடங்கியதையும், 2014இல் அது மூடப்பட்டதையும், பிற தொழிற்சாலைகள் தொடர்ந்து வந்ததையும் இவ்வட்டாரத்தார் கண்ணாரக் கண்டனர். அங்கே செய்யப்படும் கைபேசி எதிலும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லை. 1947இல் பிறந்த டிரான்சிஸ்டர் குறைந்த அழுத்தத்தில் மிகுந்த ஓட்டத்தைத் தருவதாகையால், நாளடைவில் நடுவே நெம்புகோல் தேவையற்றுப் போயிற்று. காலம் ஒரு பொருளைக் கைவிடுவது இயற்கை. ஆனால் அது என்ன செய்தது, ஏன் அவ்வாறு செய்யப்பட்டது என்பதை அறியாமல் செம்பு விலைக்குப் போட்டுவிடுவது நம் பிழை.

பணி முடிந்த அன்று இரவு வேலை முடித்துக் காலையில் வந்த மாணவர், உறங்கப் போகாமல் கிட்டாரை இணைத்தார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. நான் டிரான்ஸ்பார்மரின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அரை மணி நேரம் வாசித்தார். இளஞ்சூடு தவிர வேறொன்றும் இல்லை. எத்தனையோ திருவிழாக்களில் பாட்டையும் பேச்சையும் ஊருக்குச் சொன்ன அந்த இரும்பு, கூடத்தில் ஒரு தந்தியின் ஒலியைத் தெளிவாகச் சொல்லிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் எரித்த ஒன்றுக்கு ஈடாக இது ஒன்று பிழைத்தது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.